'பிக் அப்': எதை என்று கேட்டால் பொருள் வரும்

ராமேசுவரத்தில் விடுதி விருந்தினர்களுக்குக் கார் ஓட்டும் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவரின் கேள்வி இது:

"'பிக் அப்' என்றால் எடுப்பது என்றுதான் பள்ளியில் படித்தேன். வெளிநாட்டு விருந்தினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளில் அது நாளுக்கொரு வேஷத்தில் வருகிறது. ஒரு அம்மா 'மை சன் ஹேஸ் பிக்ட் அப் சம்திங்' என்று அனுப்பினார். கடற்கரையில் பையன் எதையோ கண்டெடுத்திருக்கிறான் என்று நினைத்து, 'ரிசப்ஷனில் கொடுத்துவிடுங்கள்' என்று பதில் போட்டேன். கடைசியில் பையனுக்கு வயிற்றுப்போக்காம். இன்னும் சில செய்திகளையும் தருகிறேன். 'கேன் யூ பிக் அஸ் அப் அட் ஃபைவ்?', 'தி விண்ட் இஸ் பிக்கிங் அப், ஷல் வீ ஸ்டில் கோ?', 'ப்ளீஸ் பிக் அப் சம் ஃப்ரூட் ஆன் தி வே', 'ஐ வில் பிக் அப் தி பில்', 'டோன்ட் பிக் அப் இஃப் ஹி கால்ஸ், ஐ வில் பிக் இட் அப் வித் ஹிம் டுமாரோ'. அகராதியைப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கப் பொருள் போட்டிருக்கிறது. மனப்பாடம் பண்ணுவதைத் தவிர வேறு வழி உண்டா?"

உண்டு. மனப்பாடம்தான் இதில் மோசமான வழி. பட்டியல் மனதில் நின்றாலும், செய்தி வந்த நிமிஷத்தில் பட்டியலின் எந்த வரியை எடுப்பது என்று அது சொல்லாது.

முதலில் தமிழில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். 'எடு' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? குடத்தை எடுத்தான். பசி எடுத்தது. வாந்தி எடுத்தான். போட்டோ எடுத்தான். வாத்தியார் பாடம் எடுத்தார். கீழக்கரையில் பெண் எடுத்தார்கள். இந்த ஆறையும் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. 'பசி' என்ற சொல் காதில் விழுந்ததுமே 'எடு' என்பதற்குக் கையோடு சம்பந்தமில்லை என்று தெரிந்துவிடுகிறது. 'பெண்' என்றதும் அது சம்பந்தம் பேசிய கதையாகிவிடுகிறது. பொருளைத் தீர்மானிப்பது 'எடு' அல்ல, அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல். 'பிக் அப்' அப்படியே இதே சாதி. ஆகவே 'பிக் அப்' என்றால் என்ன என்று கேட்காதீர்கள். எது பிக் அப் ஆகிறது, எதை பிக் அப் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

இந்த வகைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். பேச்சில் இவை நெடுங்காலமாக இருந்தாலும் அச்சில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லோகன் பியர்சால் ஸ்மித், 1925-இல். பெயரை யோசித்துக் கொடுத்தவர் ஹென்றி பிராட்லி என்ற அகராதிக்காரர். ஒரு சாதாரண வினையோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆன்' போன்ற ஒரு குட்டிச் சொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக வேலை செய்யும். நம் துணைவினைக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளலாம். 'வந்துவிட்டான்' என்பதில் யாரும் எதையும் கையைவிட்டு விடவில்லை. 'வந்து தொலை' என்பதில் எதுவும் தொலையவில்லை. 'அப்' என்பதும் அப்படித்தான். சில இடங்களில் அதற்கு உண்மையாகவே 'மேலே' என்று பொருள், சில இடங்களில் 'கூடுதல்', சில இடங்களில் சும்மா வினையை முடித்துவைக்கிறது. 'ஈட் அப்' என்றால் மேலே பார்த்துச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டு முடித்துவிடுவது.

இப்போது காற்றுக்கு வருவோம். உங்கள் ஊரில் அதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

'தி விண்ட் இஸ் பிக்கிங் அப்.' இதில் 'எதை' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. காற்று எதையும் எடுக்கவில்லை, அதுவே கூடுகிறது. செயப்படுபொருள் இல்லாமல் 'பிக் அப்' வந்து, எழுவாய் ஆளாக இல்லாமல் காற்று, வியாபாரம், கூட்டம், விற்பனை என்று இருந்தால் பொருள் 'வலுக்கிறது', 'சூடு பிடிக்கிறது' என்பதுதான். கச்சான் காற்று மதியத்துக்கு மேல் வலுப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இதைவிட இயல்பான சொல் கிடையாது. இந்தச் சொல்லில் நல்லது கெட்டது இல்லை என்பதையும் கவனியுங்கள். படகுச் சவாரிக்கு வந்தவர் இதைச் சொன்னால் பயந்து கேட்கிறார். பெரிய காற்றாடியைப் பிடித்துக் கடல்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் விளையாட வந்தவர் சொன்னால், 'சீக்கிரம் கிளம்பு' என்கிறார். அவர் எதற்கு வந்தவர் என்று பார்த்துப் பதில் போடுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. ரயில் தாமதத்தை விருந்தினருக்கு விளக்க 'தி விண்ட் பிக்ட் அப், ஸோ தி ட்ரெயின் இஸ் ஹெல்ட் அட் மண்டபம்' என்று ஒரு வரி போதும்.

இதே பொருளில்தான் 'பிசினஸ் ஹேஸ் பிக்ட் அப்' என்பதும் வரும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. தடை முடிந்து படகுகள் இறங்கியதும் மீன் வியாபாரம் 'பிக்ஸ் அப்'. இங்கே ஒரு நுணுக்கம். படுத்துக்கிடந்தது எழுந்திருப்பதைச் சொல்லும் சொல் இது. வாங்குகிறவர் அலுத்துக்கொண்டு 'மீன் விலை ஏறிப்போச்சு' என்று சொல்வதை 'பிரைசஸ் ஹேவ் பிக்ட் அப்' என்று மாற்றினால், விலை விழுந்துகிடந்து இப்போது நல்லவேளையாகத் தேறிவிட்டது என்று விற்பவர் பேசுவதுபோல் கேட்கும். அலுப்புக்கு 'பிரைசஸ் ஹேவ் கான் அப்' என்பதே சரி. காய்ச்சல் ஏறினாலும் 'கான் அப்'தான், 'பிக்ட் அப்' இல்லை. மழை வலுத்தாலும் 'பிக்கிங் அப்' என்று சொல்வதுண்டு, 'இட் இஸ் ரெய்னிங் ஹார்டர்' என்றால் இன்னும் தெளிவு.

வேகம் கொஞ்சம் தனி. 'தி ட்ரெயின் பிக்ட் அப் ஸ்பீட்' என்பதில் 'ஸ்பீட்' என்று செயப்படுபொருள் இருக்கிறது, ஆனாலும் பொருள் கூடுதல்தான். நாமும் 'ரயில் வேகம் எடுத்தது', 'வேகம் பிடித்தது' என்கிறோம், அதனால் இது யாரையும் தடுமாற வைப்பதில்லை.

'எடு', 'பிடி' இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'பிக் அப்' என்ற ஆங்கிலச் சொல் தமிழில் பாதி 'எடு'வின் வீட்டிலும் பாதி 'பிடி'யின் வீட்டிலும் குடியிருக்கிறது. கீழே கிடந்த சாவியை எடுத்தான், போனை எடுத்தான்: 'எடு' பக்கம். சளி பிடித்தது, டவர் சிக்னல் பிடித்தது, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, பையன் இந்தியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான்: 'பிடி' பக்கம். ஒரு வாக்கியம் 'எடு'வில் ஒட்டவில்லை என்றால் 'பிடி'யைப் போட்டுப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிக்கு 'கூட்டிக்கொள்', 'வாங்கு', 'வலு', 'தொடர்' என்ற நாலு சொற்கள் வேண்டும். தலைகீழாகப் போகாதீர்கள். 'பிடி' வரும் இடமெல்லாம் 'பிக் அப்' ஆகாது. மீன் பிடிப்பது 'கேட்ச்'. எனக்குப் பிடிக்கும் என்பது 'லைக்'. பஸ்ஸில் இடம் பிடிப்பதும் கால் பிடித்துவிடுவதும் வேறு வேறு சொற்கள்.

'மை சன் ஹேஸ் பிக்ட் அப் சம்திங்' என்ற செய்தி உங்களைக் கவிழ்த்ததில் வியப்பில்லை, அதில் பக்கத்துச் சொல்லே ஒளிந்துகொண்டிருக்கிறது. 'சம்திங்' என்பது எதுவாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று, 'ஹேஸ் பிக்ட் அப்' என்ற காலம். நடந்து முடிந்தது, விளைவு இப்போதும் இருக்கிறது. கிளிஞ்சல் பொறுக்கியதைச் சொல்ல ஒரு தாய் விடுதி ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பவேண்டிய அவசியம் என்ன? இரண்டு, யார், எப்போது, யாருக்கு அனுப்பினார்கள் என்பது. காலை ஏழு மணிக்கு, தனுஷ்கோடி போகவேண்டிய நாளில், வண்டிக்காரருக்கு வந்த செய்தி என்றால் அது பயணத்தைப் பாதிக்கும் சமாசாரம். அப்படியும் சந்தேகம் இருந்தால் 'இஸ் ஹி அன்வெல்?' என்று கேட்டுவிடுவது மேல். யூகித்துப் பதில் போடுவதைவிட மூன்று சொல் கேள்வி கௌரவமானது.

நோய்க்கு வரும்போது இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. ஒட்டிக்கொள்ளும் நோய், போன இடத்தில் தொற்றியது, பெரும்பாலும் சில நாளில் போய்விடுவது: சளி, வயிற்றுக்கோளாறு, தொண்டை வலி, ஏதோ ஒரு கிருமி. சர்க்கரை நோயை யாரும் 'பிக் அப்' செய்வதில்லை, கால் முறிவையும் இல்லை. 'ஐ பிக்ட் அப் டயபிட்டிஸ்' என்றால் சந்தையில் வாங்கிவந்ததுபோல் இருக்கும்.

தொற்றுவது நோய் மட்டுமல்ல. பழக்கம், பேச்சு வழக்கு, மொழி ஆகியவையும் இதே வழியில்தான் வருகின்றன. வகுப்பு இல்லாமல், புத்தகம் இல்லாமல், கேட்டுக் கேட்டுப் படிவதுதான் 'பிக் அப்'. அக்னி தீர்த்தக் கரையில் சங்கு, பாசிமணி விற்கும் சிறுவன் வடநாட்டு யாத்ரிகர்களிடம் பேசிப் பேசி இந்தி பழகுவது இதற்குச் சரியான உதாரணம்: 'ஹி பிக்ட் அப் ஹிந்தி'. கல்லூரியில் மூன்று வருஷம் படித்த பட்டத்தைப் பற்றி 'ஐ பிக்ட் அப் கெமிஸ்ட்ரி' என்று நேர்காணலில் சொன்னால், ஒழுங்காகப் படிக்கவில்லை, அங்கங்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று அர்த்தமாகிவிடும். அங்கே 'ஸ்டடீட்'. வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். பேச்சு அரபியைப் பற்றிச் சொல்ல 'பிக்ட் அப்' சரி, வெல்டிங் சான்றிதழைப் பற்றிச் சொல்ல சரியில்லை.

'கேன் யூ பிக் அஸ் அப் அட் ஃபைவ்?' என்பதில் செயப்படுபொருள் ஆட்கள். ஆளும் வண்டியும் சேர்ந்தால் 'வந்து கூட்டிக்கொள்' என்பதே பொருள். 'ரிசீவ் பண்ண வர்றேன்' என்று நம் பேச்சில் இருப்பதை அப்படியே ஆங்கிலத்தில் 'ஐ வில் ரிசீவ் யூ' என்று எழுதாதீர்கள், பார்சலை வாங்குவதுபோல் தொனிக்கும். இங்கே இலக்கணத்தில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கவேண்டும். 'ஐ வில் பிக் யூ அப்' சரி. 'ஐ வில் பிக் அப் யூ' தப்பு, எவ்வளவு பேர் எழுதினாலும் தப்பு. பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடமும் சரி: 'பிக் தி பேக் அப்', 'பிக் அப் தி பேக்'. செயப்படுபொருள் நீளமாகப் போனால் நடுவில் வைக்காதீர்கள். சென்னை ரயிலில் வரும் நாலு பேர் என்று முழுவதையும் நடுவில் செருகினால், கடைசியில் வரும் 'அப்' அனாதையாக நிற்கும்.

அதே செய்தியில் 'ஃபைவ்' என்பது இன்னொரு வம்பு. தனுஷ்கோடியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவருக்கு ஐந்து என்றால் விடியற்காலை, ஊர் திரும்புகிறவருக்குச் சாயங்காலம். 'ஃபைவ் இன் தி மார்னிங் ஆர் இன் தி ஈவினிங்?' என்று ஒருமுறை கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோய் விடுவதற்கு 'டிராப் ஆஃப்'. 'பிக் அப்' ஓர் இடத்திலிருந்து, 'டேக்' ஓர் இடத்துக்கு: 'ஐ வில் பிக் யூ அப் ஃப்ரம் தி ஹோட்டல் அண்ட் டேக் யூ டு தனுஷ்கோடி'.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். ஆணோ பெண்ணோ, முன்பின் தெரியாதவரிடம் சரசமாகப் பேசிப் பழக்கம் பிடிப்பதற்கும் இதே சொல்தான். தமிழ்ப் பேச்சிலும் 'பிக்கப் பண்ணிட்டான்' என்று வந்துவிட்டது. 'ஐ பிக்ட் அப் எ கேர்ள் அட் தி ஸ்டேஷன்' என்று ஒரு ஓட்டுநர் வெள்ளந்தியாகச் சொன்னால் கேட்பவர் புருவம் உயரும். 'ஐ பிக்ட் அப் எ கெஸ்ட் ஃப்ரம் தி ஸ்டேஷன்' என்று சொன்னால் எந்தக் குழப்பமும் இல்லை. பெண் பயணியைப் பற்றிப் பேசும்போது 'கெஸ்ட்', 'பாசெஞ்சர்' என்ற சொற்களையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழச் செய்தி எளிது, ஆனால் பணம் சம்பந்தப்பட்டது. 'பிக் அப் சம் ஃப்ரூட் ஆன் தி வே' என்றால் வருகிற வழியில் கடையில் நிறுத்திப் பழம் வாங்கி வா. எடுத்துக்கொண்டு வா என்றால் இலவசமாகக் கிடைப்பதில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும், செலவைப் பிறகு அவர் தருவார். எவ்வளவுக்குள் என்று கேட்டுவிட்டு வாங்குவது இரண்டு பேருக்கும் நல்லது. ஆன்லைனில் பணம் கட்டிய பொருளை மண்டபத்தில் ஒரு கடையில் போய் 'பிக் அப்' செய்யச் சொன்னால் மட்டும் அது வாங்குவது இல்லை, பெற்றுக்கொண்டு வருவது. ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றா என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

'ஐ வில் பிக் அப் தி பில்' என்பதில் காகிதத்தை எடுப்பது இல்லை. பணத்தை நான் கட்டுகிறேன் என்கிறார். நாலு பேர் சாப்பிட்ட மேசையில் ஒருவர் இதைச் சொன்னால் மற்ற மூன்று பேரிடம் பணம் கேட்கக்கூடாது. விருந்தினரே சொன்னால் உங்களுக்கு நிம்மதி. வேகத்தில் நீங்களே அவரிடம் 'ஐ வில் பிக் அப் தி பில்' என்று சொல்லிவிட்டால், ரிசப்ஷனிலிருந்து ரசீதை எடுத்துவருகிறேன் என்று நீங்கள் நினைக்க, செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அவர் நினைப்பார். ரசீதை வாங்கி வருவதற்கு 'ஐ வில் கெட் தி பில் ஃபார் யூ' என்று சொல்லுங்கள்.

கையால் எடுக்கும் பொருளுக்கே திரும்பி வந்தால், அங்கும் நம்மைத் தடுக்கும் கல் ஒன்று கிடக்கிறது. 'அப்' இல்லாத 'பிக்' வேறு. 'பிக் மேங்கோஸ்' என்றால் மரத்திலிருந்து பறிப்பது. 'பிக் அப் மேங்கோஸ்' என்றால் கீழே விழுந்ததைப் பொறுக்குவது. பனங்காட்டில் உதிர்ந்த பனம்பழத்தைப் பொறுக்குவதும் அரியமான் கரையில் சிப்பி பொறுக்குவதும் 'பிக் அப்'. நாலு சேலையை விரித்துப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது 'பிக்' மட்டும். பறி, பொறுக்கு, தேர்ந்தெடு என்று தமிழில் மூன்று சொல் வைத்திருக்கிறோம், ஆங்கிலம் ஒரு குட்டிச் சொல்லைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் அதைச் சமாளிக்கிறது. பவளப்பாறைப் பகுதியில் 'டோன்ட் பிக் அப் எனிதிங்' என்று விருந்தினரை எச்சரிக்கலாம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிய கடலில் இருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

சிக்னலைப் பிடிப்பது இந்தக் கரைக்கே உரிய உதாரணங்கள் உள்ள பொருள். ஒரு காலத்தில் இங்கே டிரான்சிஸ்டர்கள் இலங்கை வானொலியை 'பிக்ட் அப்'. இன்று தனுஷ்கோடிப் பக்கம் போகும் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தின் சிக்னலை 'பிக்ஸ் அப்'. 'மை போன் இஸ் பிக்கிங் அப் எ ஸ்ரீலங்கன் நெட்வொர்க்' என்று விருந்தினர் சொன்னால் ரோமிங்கை அணைக்கச் சொல்லுங்கள், கட்டணம் ஏறும். கடலில் ஆபத்து அழைப்புக்கான வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் ஒரு குரல் கேட்டாலும் இதே சொல். ராடார், ஒலியை அனுப்பிக் கடலின் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், மோப்ப நாய் எல்லாமே இப்படித்தான். இந்தப் பொருளில் செயப்படுபொருள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று: அலை, ஒலி, வாசனை. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டால் தப்பவே தப்பாது.

இனி செய்தித்தாளில் வரும் இடம். நீங்கள் கேட்காவிட்டாலும் இந்தக் கரையில் வாழ்பவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது. 'ஃபோர் ஃபிஷர்மென் வேர் பிக்ட் அப்' என்று ஒரு வரி. நாலு மீனவர் பிடிக்கப்பட்டார்களா, காப்பாற்றப்பட்டார்களா? இரண்டுக்கும் சொல் ஒன்றே. செயப்பாட்டு வினையில், ஆட்களைப் பற்றி வரும்போது, 'பை' என்பதற்குப் பிறகு யார் என்று பாருங்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்றும் பாருங்கள். படகு கவிழ்ந்தது, தண்ணீரில் மிதந்தார்கள், கடலோரக் காவல்படை வந்தது என்று இருந்தால் மீட்பு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக் கோடு, அத்துமீறல், அடுத்த நாட்டுக் கடற்படை என்று இருந்தால் பிடிப்பு. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதால் ஒரு குடும்பம் வீணாக அழ நேரிடும்.

போலீஸ் விஷயத்தில் இன்னும் நுணுக்கமாக இருக்கவேண்டும். 'பிக்ட் அப் ஃபார் க்வெஸ்சனிங்' என்று எழுதினால் விசாரணைக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள் என்றுதான் பொருள். கைது என்பதற்கு 'அரெஸ்டட்' என்று தனிச் சொல் இருக்கிறது, அதற்குச் சட்டப்படி விளைவுகள் உண்டு. மொழிபெயர்க்கும்போது 'பிக்ட் அப்' என்பதை 'கைது' என்று மாற்றுவது மொழிப் பிழையோடு நிற்பதில்லை.

காதால் கேட்கும்போது என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வேகமாகப் பேசும்போது 'பிக்' என்பதன் கடைசி எழுத்து அடுத்த சொல்லோடு ஒட்டி 'பிக்கப்' என்றே கேட்கும். இறந்தகாலம் 'பிக்டப்'. நடுவில் 'இட்' வந்தால் 'பிக்கிட்டப்', அமெரிக்கர் வாயில் 'பிக்கிடப்'. வினையாக வரும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும், பெயர்ச்சொல்லாக வரும்போது 'பிக்' மேல். ஆங்கிலத்தில் எழுதும்போது வினைக்கு இரண்டு சொல், பெயருக்கு ஒரே சொல்: மீன் ஏற்றும் பிக்கப் வண்டி, பிக்கப் பாயின்ட். நம் ஊரில் 'வண்டியில பிக்கப்பே இல்ல' என்று சொல்வது இங்கே எல்லோருக்கும் புரியும். இங்கிலாந்துக்காரருக்குப் புரியாமல் போகலாம், அவரிடம் 'அக்சலரேஷன்' என்று சொல்லுங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நோட்டில் 'பிக் அப்' என்று தலைப்புப் போட்டுக் கீழே பொருள்களை வரிசையாக எழுதாதீர்கள். பக்கத்துச் சொல்லைத் தலைப்பாக்கி, அதனுடன் எதிர்ச்சொல்லையும் எழுதுங்கள். காற்று: 'பிக் அப்', அடங்கினால் 'டை டவுன்'. ஆள்: 'பிக் அப்', இறக்கிவிட்டால் 'டிராப் ஆஃப்'. போன்: 'பிக் அப்', வைத்துவிட்டால் 'ஹேங் அப்'. பை: 'பிக் அப்', கீழே வைத்தால் 'புட் டவுன்'. வேகம், வியாபாரம்: குறைந்தால் 'ஸ்லோ டவுன்'. சளி: தேறிவிட்டால் 'கெட் ஓவர்'. ஒரே சொல்லுக்கு இத்தனை எதிர்ச்சொல் இருப்பதே அது ஒரே சொல் இல்லை என்பதற்குச் சாட்சி. புதிதாக ஒரு வாக்கியம் வந்து பொருள் பிடிபடாவிட்டால், இதற்கு எதிர்ப்பதம் என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள், பெரும்பாலும் அதிலேயே விடை வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு போதும். விருந்தினர் அனுப்பிய உண்மையான வாக்கியத்தையே எழுதிக்கொள்ளுங்கள், புத்தக வாக்கியம் ஒட்டாது.

பின்னால் இன்னொரு குட்டிச் சொல் ஒட்டினால் பொருள் மறுபடி நகரும். 'பிக் அப் ஆன்' என்றால் வாய்விட்டுச் சொல்லாததைக் குறிப்பால் உணர்வது. 'பிக் அப் ஆஃப்டர்' என்றால் ஒருவர் போட்ட குப்பையை அவருக்குப் பின்னால் பொறுக்கிச் சுத்தம் செய்வது. கடற்கரையில் 'பிக் அப் ஆஃப்டர் யுவர்செல்ஃப்' என்ற பலகையைப் பார்த்தால் உங்கள் குப்பையை நீங்களே எடுத்துப் போங்கள் என்று பொருள். 'பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்' என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. விருந்தினர் சொல்லும் 'பிக்-மீ-அப்' களைப்பு நீக்கும் பானம், சுக்குக் காப்பி அதற்குத் தாராளமாகப் பொருந்தும்.

மிச்சமிருப்பது உங்கள் கடைசிச் செய்தி. ஒரே மூச்சில் இரண்டு பொருளை வைத்து எழுதியிருக்கிறார். 'டோன்ட் பிக் அப் இஃப் ஹி கால்ஸ்' என்பதில் செயப்படுபொருள் இல்லை, ஆனால் பக்கத்தில் 'கால்ஸ்' இருக்கிறது, ஆகவே போன்: அவர் கூப்பிட்டால் எடுக்காதீர்கள். அடுத்த பாதியில் 'இட்' நடுவில் நிற்கிறது, பின்னால் 'வித் ஹிம்' வருகிறது. ஒரு விஷயத்தை ஒருவரோடு பிக் அப் செய்வது என்றால் அந்தப் பேச்சை எடுப்பது. நம் தமிழிலும் 'பேச்சை எடுத்தான்' என்கிறோமே, அதேதான். நாளைக்கு நானே அவரிடம் அந்தப் பேச்சை எடுத்துப் பேசிக்கொள்கிறேன், இன்றைக்கு நீங்கள் அவரிடம் வாய் கொடுக்கவேண்டாம் என்கிறார். பதிலுக்கு 'ஓகே, ஐ வோன்ட் பிக் அப்' என்று அனுப்பினால் போதும். 'ஐ வோன்ட் பிக் ஹிம் அப்' என்று எழுதிவிடாதீர்கள், அவரை ஸ்டேஷனிலேயே விட்டுவிடப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.